திரும்பி வந்த ஃப்ளாக்ஸ்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நான் சொன்னது பொய்த்துவிடக் கூடாது என்ற வீம்பு எனக்கு எப்போதும் உண்டு. திருத்தணியில் எங்கள் கொல்லையில் ஃப்ளாக்ஸ் என்ற பூச்செடியை நட்டதும் அந்த வீம்பில்தான்.

இங்கே நர்சரிகளில் கிடைக்கிற ஃப்ளாக்ஸ் ஒரு பருவம் பூத்துச் செத்துப்போகும். நான் மலைப் பிரதேசத்திலிருந்து கூரியரில் வரவழைத்தது பல வருடம் வாழும் வகை. தண்டு காய்ந்தாலும் வேர் பிழைத்திருந்து மறுபடி துளிர்க்கும். நம் வெயிலுக்கு ஆகாது என்றுதான் படித்திருந்தேன். ஆனாலும் முருங்கை நிழலில் வைத்தேன். தை மாதம் கொத்தாகப் பூத்தது. வெள்ளைப் பூ, நடுவில் சிவப்புப் பொட்டு. சித்திரையில் கருகியதும் தண்டுகளைத் தரையோடு வெட்டி, வேர்க்கடலைத் தோல் பரப்பி மூடினேன்.

"வெறும் மண்ணுக்கு இன்னாத்துக்குடி தண்ணி ஊத்திகினு கீற?" என்றாள் அம்மா.

"வரும் பாரு."

"பாப்பா சொன்னா வரும்" என்றார் நைனா.

மழைக்காலத்தில் பயிற்சிக்காக ஒரு வாரம் அரக்கோணத்தில் தங்கிவிட்டுத் திரும்பினேன். கடலைத் தோலுக்கு நடுவே பச்சைத் துளிர்கள்! மறுநாள் நான் வேலை பார்க்கும் பள்ளியின் ஆசிரியர் அறையில் அதைத் தவிர வேறு பேச்சே பேசவில்லை. பூத்ததும் படம் காட்டினேன். கணக்கு டீச்சர் வேரைப் பிரித்து ஒரு பங்கு கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கே.ஜி.கண்டிகையிலிருந்து அவர் பையோடு வந்து நின்றார். நைனா குறுக்கே வந்தார்.

"இன்னிக்கி வாணாம்மா. மண்ணு காஞ்சிகீது."

"நேத்துதானே தண்ணி விட்டேன்" என்று சொல்லிக்கொண்டே தோண்டினேன். வேரோடு கறுப்புப் பிளாஸ்டிக் மேலே வந்தது.

"டீச்சர், இது நர்சரி கவராச்சே!" என்று சிரித்தார் கணக்கு டீச்சர்.

பக்கத்தில் தோண்டினேன். அங்கேயும் கவர். வேர் கலையாமலிருக்க, அடியை மட்டும் கிழித்துவிட்டு அப்படியே புதைத்திருக்கிறார்கள். ஒரு பருவச் செடி. நைனா முருங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருஷா வருஷம் வராது டீச்சர். எங்க நைனா கடையில வாங்கியாந்து நட்டது" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, வெறும் பையை மடித்தபடி கிளம்பினார்.

"வந்தவங்க எதிர்ல சொல்லணுமா?" என்றார் நைனா.

வாசற்படியில் நின்ற அம்மாவிடம் திரும்பினேன். "உனக்கும் தெரியுமாம்மா?"

"ஆங், தெரியும். அதுக்கின்னா இப்ப? நீ மூஞ்சத் தூக்கி வச்சிகினு இருப்பியேன்னு அந்தாளு மணவூர் வரிக்கும் போய்த் தேடி வாங்கியாந்தாரு."

"என் வேர் எங்க நைனா?"

"தோண்டிப் போட்டேன்."

"செத்திருந்துச்சா?"

அவர் யோசித்தார். "பாக்கலம்மா. செத்துதான் இருக்கும்."

அந்தச் செடி செத்திருந்தால் நான் தாங்கிக்கொண்டிருப்பேன். வெயில் கொன்றுவிட்டது என்று பள்ளியில் போய் நானே சொல்லியிருப்பேன். அது பிழைத்திருந்ததா என்று தெரிந்துகொள்ளவே வழியில்லாமல் செய்துவிட்டார்கள். மூன்று மாதம் நான் அந்தத் துளிர்களைப் பற்றிப் பேசப் பேச, இருவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கல்லூரிக் கடைசி நாளில் நான் மேடையில் பேசினேன். கூட்டத்தில் நைனாவைக் காணவில்லை. கடைசியில் நின்று முழுக்கக் கேட்டதாக அன்று வீட்டில் சொன்னார். இத்தனை வருடம் அதைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேட்டேன். "காலேஜுக்கு நீ நெஜமாவே வந்தியா நைனா?"

"ஆங், வந்தேனே" என்றார் உடனே.

நான் என்ன நிறப் புடவை கட்டியிருந்தேன் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.