மூன்றாம் சரணத்தில் உடைந்த குரல்

அந்தக் காகிதத்தை ஒட்டியவர் வேறு யாருமில்லை, ராக்கையாவேதான். ஒட்டிய அன்றைக்கு இருந்த கெட்டிக்காரத்தனம் இருபத்தொன்பது வருஷம் கழித்துப் பிரிக்கிற அன்றைக்கு எங்கே போனது என்று கேட்டால், மனுஷன் தலையில் அடித்துக்கொள்வார்.

காமயகவுண்டன்பட்டியில் ரேடியோ செட் வைத்துப் பிழைத்தவர் அவர். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, சாவு விழுந்த கேத வீடு என்று எங்கே கூப்பிட்டாலும் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி ரெக்கார்டு போடுவார். எழுபதுகளில் செட்டுக்காரர்களுக்குள் இருந்த போட்டி இருக்கிறதே, அப்பப்பா! புது ரெக்கார்டு கையில் கிடைத்ததும் அவர்கள் செய்கிற முதல் வேலை, நடுவில் இருக்கும் லேபிளின் மேல் வட்டமாகக் காகிதம் வெட்டி மைதாப் பசையால் ஒட்டிவிடுவது. பாடியவர் யார், எந்தக் கம்பெனி, என்ன நம்பர், ஒன்றும் அடுத்த செட்டுக்காரன் கண்ணில் படக் கூடாது. யாராவது கேட்டால் வாய்க்கு வந்த பொய்ப் பெயரைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

1974இல் மதுரையில் பழைய சாமான் கடையில் ஒரு கட்டு ரெக்கார்டு வாங்கினார் ராக்கையா. அதில் ஒன்று பெற்றவள் பிள்ளையைப் பறிகொடுத்து அழுகிற பாட்டு. லேபிளை வாசிக்கக்கூட நேரமில்லாமல் அதன்மேலும் காகிதத்தை ஒட்டிவிட்டார். "அடிபட்ட கையை அம்மா ஊதி ஆத்தட்டுமா" என்று ஒரு பெண் குரல் எடுக்கும். ஆர்மோனியம் மட்டும்தான் துணை. பெரிய வெள்ளிக்கிழமைக்காகக் கிறிஸ்தவர்கள் பாடிய பாட்டு அது. ஆனால் சாமி பெயர் எங்கேயும் வராததால் எந்த வீட்டுக் கேதத்துக்கும் பொருந்தியது. மூன்றாவது சரணத்தில் "மகனே" என்று கூப்பிட வேண்டிய இடத்தில் குரல் உடைந்து நின்றுவிடும். ஆர்மோனியம் தனியாக ஒரு சுற்று சுற்றி வரும். பிறகு குரல் வந்து சேர்ந்துகொள்ளும். அந்த இடத்தில் அழாத பொம்பளை கம்பம் பள்ளத்தாக்கில் கிடையாது. அதைப் போடவே ராக்கையா செட்டைத் தேடி வந்தார்கள்.

உத்தமபாளையத்தில் செட் வைத்திருந்த காமராஜுக்கு வயிறு எரிந்தது. "யாருய்யா பாடுனது?" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

"மதுரைக் கோமதி" என்றார் ராக்கையா.

அப்படி ஒரு பாடகி உலகத்திலேயே இல்லை. கோமதி அவருடைய கொழுந்தியாள் பெயர். காமராஜ் அந்த ரெக்கார்டைத் தேடி மூன்று தடவை மதுரைக்குப் போய் வந்தார். ஊரெல்லாம் கோமதி பாட்டு, கோமதி பாட்டு என்று பெயர் பரவியது. சொன்னவருக்கே நாளாக ஆக அந்தப் பெயர் பழகிவிட்டது.

கேசட் வந்து, பிறகு சிடி வந்தது. மற்ற செட்டுக்காரர்கள் ரெக்கார்டுகளை எடைக்குப் போட்டபோது ராக்கையா அவற்றை வாங்கி வீட்டில் அடுக்கினார். அப்போது பிடித்ததுதான் அந்தப் பித்து. ஒரே ஒரு ரெக்கார்டு பாடிக் கொடுத்துவிட்டுக் காணாமல் போன பாட்டுக்காரர்கள் இருந்தார்கள் இல்லையா, அவர்களைத் தேட ஆரம்பித்தார். லேபிளில் உள்ள பெயரை வைத்துக் கார்டு எழுதுவார், கோயில் கோயிலாக விசாரிப்பார். போடியில் ஒரு பழைய தபால்காரர், திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் இருந்த ஒரு அம்மாள் என்று ஏழு வருஷத்தில் பதினோரு பேரைக் கண்டுபிடித்து, பஸ்ஸில் ரெக்கார்டு போடுகிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவரவர் குரலை அவரவருக்குப் போட்டுக் காட்டினார்.

"ஊர்ல உள்ள பாட்டுக்காரனுக்கெல்லாம் விலாசம் கண்டுபிடிச்சாச்சு. நம்ம வீட்டு ஓடு மாத்த ஒரு ஆளக் கண்டுபிடிக்கத் துப்பில்ல" என்பாள் அவர் மனைவி மாயக்காள்.

அவ்வளவு பேரைத் தேடியவர் கோமதி பாட்டின் மேல் ஒட்டிய காகிதத்தை மட்டும் பிரிக்கவில்லை. பசை லேபிளைப் பிய்த்துவிடும் என்று சாக்குச் சொல்வார். உண்மை அதுவல்ல. அவருக்குப் பயம். தேவாரம் என்ற ஊரில் 1979இல் நடந்த ஒன்றை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்காது.

2003 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை அந்தப் பயம் ஒரு பெண்ணின் உருவத்தில் வாசலில் வந்து நின்றது. பெயர் அனிதா மேரி, தேனியில் பள்ளிக்கூட டீச்சர்.

"அய்யா, பழைய பாட்டுக்காரகளத் தேடிக் கண்டுபிடிப்பீகன்னு சொன்னாக. எங்கம்மா பேரு ஞானசெல்வி. தேவாரம். தொண்டையில புத்து. குரல்வளைய எடுத்தாத்தான் உசுரு தங்கும்னுட்டாக. திங்கக்கிழமை ஆபரேசன். நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள கையெழுத்துப் போடணும். அம்மா போட மாட்டேங்குறாக."

"ஏன் தாயி?"

"எனக்கு முன்னால பிறந்த அண்ணன் ஒரு வயசுல இறந்துட்டான். இருபது நாள் கழிச்சு, கோயில் பாட்டுக் குழுவோட அம்மாவ மெட்ராசுக்குக் கூட்டிப் போயி ரெக்கார்டு எடுத்திருக்காக. பாடும்போது தொண்டை அடைச்சுப் போச்சாம். 'ஒன் பாட்டு கெட்டுப்போச்சு, அதப் போட மாட்டாக'ன்னு குழுத் தலைவர் சொல்லிட்டாரு. ஆனா அந்தப் பாட்டு வெளிய வந்துச்சு, நானே காதால கேட்டேங்குறாக. யாரும் நம்பல. 'இந்தக் குரல் ஒன்னுதான் எனக்குச் சாட்சி. இதையும் அறுத்துட்டா அது ஏம் பாட்டுன்னு எத வச்சுச் சொல்லுவேன்'னு அழுகுறாக."

"பாட்டு என்ன?" என்று கேட்டார் ராக்கையா. கேட்காமலே தெரியும் அவருக்கு.

அவள் மெதுவாக முணுமுணுத்துக் காட்டினாள்.

தேவாரத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய வீட்டுக் கேதம். குழாயில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. முப்பது வயதுப் பெண் ஒருத்தி புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்து, "அண்ணே, இது ஏங் குரலுண்ணே! மூணாவது சரணத்துல நின்டுபோகும் பாருங்க" என்றாள். காமராஜ்தான் ரகசியம் பிடிக்க ஆள் அனுப்பியிருக்கிறார் என்று ராக்கையா நினைத்துவிட்டார். மைக்கை எடுத்தார். "இந்தாத்தாதான் மதுரைக் கோமதியாம்! எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க!" என்றார். கேத வீடு என்றும் பார்க்காமல் தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் மூன்றாவது சரணம் வந்தது, அவள் சொன்ன இடத்தில் குரல் நின்றது. அவள் ராக்கையாவைப் பார்த்தாள். அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துபோயிற்று. ஆனால் மைக்கில் சொன்னதை அள்ளவா முடியும்? பேசாமல் ரெக்கார்டை மாற்றிவிட்டார்.

அனிதா மேரி போனதும், பாத்திரத்தில் வெந்நீர் கொதிக்க வைத்து ஆவியில் ரெக்கார்டைக் காட்டினார். மாயக்காள் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். காகிதம் நனைந்து இளகியது. நகத்தால் ஓரத்தை நெம்பினார். லேபிளில் பேர் மட்டும் இருந்துவிட்டால் போதும், அதைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடலாம், தன் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அவருடைய கணக்கு அதுதான். காகிதம் வந்தது. கூடவே லேபிளும் மேல்தோலோடு உரிந்து, கூழாகி விரலில் ஒட்டிக்கொண்டது. ஓர் எழுத்து மிஞ்சவில்லை.

"போச்சா?" என்றாள் மாயக்காள்.

"போச்சு."

"லேபிளு போனா என்ன? வாய் இருக்குல்ல? போயிச் சொல்லுங்க."

அன்று சாயங்காலம் தேனி ஆஸ்பத்திரியில் ஞானசெல்வியின் கட்டிலருகே நின்றார். அவளுக்கு வயது ஐம்பத்தைந்து. கழுத்து வீங்கியிருந்தது. பக்கத்தில் அவள் கணவர் ஏசுதாசன் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். ராக்கையா இரண்டு வார்த்தை பேசுமுன்னே அவள் ஆளைக் கண்டுகொண்டாள்.

"நீங்கதான் அந்த மைக்குக்காரரு." கரகரத்த குரல், காற்றுத்தான் பாதி வந்தது.

"ஆமாத்தா. அது ஒங்க குரல்தான். அன்னைக்கே எனக்குத் தெரியும். மன்னிச்சுரு ஆத்தா."

அவள் அழவில்லை. கோபம்தான் வந்தது. "இங்கன நாலு பேர் காதுல சொன்னா ஆச்சா? அன்னைக்கு மைக்குல சிரிச்சீக. ஊரே கேட்டுச்சு. மைக்குல சொல்லுங்க. அதே தெருவுல. நான் கேக்கணும். கேட்டா கையெழுத்துப் போடுறேன்."

"ஏசப்பா, உசுரு போற நேரத்துல என்ன பிடிவாதம்டி இது?" என்றார் ஏசுதாசன். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தேவாரத்துக்குக் கிளம்பினார்கள். ஏசுதாசனும் கூட வந்தார். கம்பம் ஊரில் வாடகைக்கு எடுத்த ஆம்ப்ளிஃபயரையும் குழாயையும் ஏற்றிய வேன் பாதி வழியில் பஞ்சர். போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. சுயம்புலிங்கத்தின் பெட்டிக்கடையில் கரண்டு எடுத்து, எதிர்ப் புளியமரத்தில் குழாயைக் கட்டினார்கள். கடையில் ஒரு ரூபாய் போன் தொங்கியது. ஆஸ்பத்திரியில் அனிதா மேரி தன் செல்போனை அம்மா காதில் வைத்திருப்பதாக ஏற்பாடு.

ஐந்து நாற்பது. நம்பரைப் போட்டார். காசு உள்ளே விழுந்தது. "அம்மா கேக்குறாக அய்யா" என்றாள் அனிதா. ராக்கையா இடது கையில் ரிசீவரைக் குழாய் இருந்த திசைக்குப் பிடித்துக்கொண்டு வலது கையில் மைக்கை எடுத்தார்.

"தேவாரத்துப் பெரியவுகளே, தாய்மார்களே. காமயகவுண்டன்பட்டி ராக்கையா பேசுறேன். இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால இதே தெருவுல ஒரு ஆத்தாளப் பாத்து மைக்குல கேலி பண்ணேன். நீங்களும் சிரிச்சீக. நான் சொன்னது பொய். மதுரைக் கோமதின்னு ஒருத்தி கெடையவே கெடையாது. ஒங்க வீட்டுக் கேதத்துக்கெல்லாம் அழுத குரல் ஒங்க ஊர் ஞானசெல்வி குரல். தெரிஞ்சே மறைச்சேன். நான் செஞ்சது பாவம்."

தெருவில் கதவுகள் திறந்தன. "ஏசுதாசன் பொண்டாட்டியா? அந்தப் புள்ளையா?" என்று ஒரு பெண் சத்தமாகக் கேட்டாள். காசு தீரப்போகிறது என்று போன் 'கிய்ங்' என்றது. சுயம்புலிங்கம் ஓடி வந்து இன்னொரு காசைப் போட்டார்.

அப்போதுதான் ஏசுதாசன் மைக்கைப் பிடுங்கினார். ராக்கையாவே எதிர்பார்க்கவில்லை.

"செல்வி" என்றார். குழாயில் மூச்சு இரைந்தது. "செல்வி, கட்டுனவனுக்கு ஒங் குரல் தெரியாதா? அன்னைக்கு நானும் கூட்டத்துலதான நின்னேன். மொத வரியிலயே தெரிஞ்சுபோச்சு. ஊரு சிரிச்சுச்சு, வெக்கத்துல நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து ஒன்னையப் பைத்தியம்னேன். நாந்தாம்டி பைத்தியக்காரன். கையெழுத்துப் போட்டுரு தாயி. நீ பாடலைன்னா பரவாயில்ல. இரு. நீ இருந்தாப் போதும்."

மைக்கைக் கொடுத்துவிட்டு மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

ராக்கையா முள்ளை வைத்தார். லேபிள் இல்லாத தட்டு சுற்றியது. குரல் எழுந்தது. தெரு அப்படியே நின்றது. ரிசீவரை நீட்டியபடியே முதல் சரணம், இரண்டாம் சரணம். ஒவ்வொரு 'கிய்ங்' சத்தத்துக்கும் சுயம்புலிங்கம் காசு போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் சரணம் வருகிறபோது, அங்கே அவள் கேட்கிறாளா இல்லையா என்ற பயத்தில் ராக்கையா ரிசீவரைத் தன் காதில் வைத்தார்.

குழாயில் குரல் உடைந்து நின்றது. ஆர்மோனியம் தனியாகச் சுற்ற ஆரம்பித்தது.

"மகனே..."

போனுக்குள்ளிருந்து வந்தது. கரகரத்து, கிழிந்து, ஆனால் சுருதி பிசகாமல். முப்பத்தொரு வருஷமாக அந்தத் தட்டில் காலியாகக் கிடந்த இடத்தில் அந்த ஒரு சொல்லை ஞானசெல்வி வைத்தாள். தெருவில் இருந்தவர்களுக்கு ஆர்மோனியம் மட்டும்தான் கேட்டது. ராக்கையா ஒருவர்தான் அதைக் கேட்டார். கேட்டவர் பெட்டிக்கடைப் பலகையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

லைன் அறுந்தது. காசு தீர்ந்துபோயிற்று. மணி ஐந்து ஐம்பத்தைந்து. சுயம்புலிங்கம் கல்லாவைக் கவிழ்த்துப் பார்த்தார், ஒரு ரூபாய் நாணயம் ஒன்றுகூட இல்லை. ஏசுதாசன் வேட்டி மடிப்பு, சட்டைப்பை எல்லாம் துழாவினார். கூட்டத்திலிருந்து, சற்று முன்னால் சத்தமாகக் கேட்ட அதே பெண், முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காசை நீட்டினாள்.

ராக்கையா மறுபடி நம்பரைப் போட்டார், மறுமுனையில் மணி அடித்தது. இரண்டு, மூன்று, நான்கு. யாரும் எடுக்கவில்லை. ஏசுதாசன், "மாதாவே, மாதாவே" என்று முனகிக்கொண்டிருந்தார். ஏழாவது மணியில் அனிதா மேரி எடுத்தாள்.

"போட்டுட்டாக அய்யா. அவுகளே பேனாவக் கேட்டு வாங்கி... போட்டுட்டாக."

ராக்கையா ரிசீவரை ஏசுதாசன் கையில் கொடுத்தார். மனுஷன் அதைக் காதில் வைத்துக்கொண்டு, "ம்... ம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்து முள் வெறும் கோட்டில் கரகரவென்று ஓடியது.

"அண்ணே, இன்னொரு தடவ போடுங்கண்ணே" என்றாள் காசு கொடுத்தவள்.

ராக்கையா முகத்தைத் துடைத்துக்கொண்டார். முள்ளை வைக்குமுன் மைக்கை எடுத்து, பாடியவள் பெயரைச் சொன்னார்.