கொடிக்கு எவ்வளவு தூரம்

எங்கள் ஊரில் டிசம்பர் மாதம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மெயின்லேண்டில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் சொன்னால் நம்புவதே இல்லை. "அஞ்சு மணிக்கா? சும்மா அளக்காத" என்பார்கள். போர்ட் பிளேருக்கு வந்து பாருங்கள் என்பேன். சனிக்கிழமை மத்தியானம் கோல்ஃப் ஆடப் போகிறவனுக்கு இங்கே மணல் குழிகூட எதிரியில்லை, வெளிச்சம்தான் எதிரி. அந்த வெளிச்சத்தைத் தின்பதற்கென்றே எங்களுக்கு ஒரு கருவி வந்து வாய்த்தது.

நாங்கள் மூன்று பேர். நான் அரசாங்க என்ஜினியர், ரோடு வேலை, மின்னி பே பக்கம் குடியிருப்பு. இன்னொருவர் காண்டிராக்டர். ராமநாதபுரத்துக் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணே என்று கூப்பிடுவேன். மூன்றாவது ஆள் ஜங்லிகாட்டில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் பாய். என்ஜினியரும் காண்டிராக்டரும் சேர்ந்து விளையாடுவதா என்று ஊர் கேட்கும். கேட்கட்டும். அவர் டெண்டர் எடுப்பது வேறு டிவிஷனில். மூன்று பேருக்குமே ஆட்டம் சுமார்தான். பந்து கொடிப் பக்கம் போனால் எங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

மைதானம் மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் இறங்கி, கடலோரமாகச் சுற்றி, மறுபடி மேட்டுக்கு ஏறும். ஒன்பது குழி. பள்ளத்தில் இறங்கிவிட்டால் போனில் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. கடைசிக் குழிக்கு ஏறினால்தான் வரும். "ஆபீஸ் தொல்லை இல்லாத ஒரே இடம்" என்று நானே பெருமையடித்திருக்கிறேன்.

காண்டிராக்டர் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போய்த் திரும்பும்போது லேசர் ஒன்று வாங்கி வந்தார். ஒரு கண்ணில் வைத்துக் கொடியைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் இத்தனை கஜம் என்று காட்டும். பார்த்தோமா, மட்டையை எடுத்தோமா, அடித்தோமா என்று ஆட்டம் பறக்கும் என்றார். அடுத்த மாதமே பாய் ஒரு கைக்கடிகாரத்தோடு வந்தார். துபாயில் இருக்கும் மருமகன் அனுப்பியதாம். அதுவும் தூரம் சொல்லும், ஆனால் கொடிக்கு இல்லை, குழியைச் சுற்றியிருக்கும் கிரீன் என்ற புல்தரையின் நடுவுக்கு. பிடித்தது சனியன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ரோடு போட்டு முடித்த பிறகு காண்டிராக்டர் தனியாக அளந்தால் செல்லாது. என்ஜினியர் தனியாக அளந்தாலும் செல்லாது. டேப்பின் இரண்டு முனையையும் ஆளுக்கொருவர் பிடித்து அளந்து, இருவரும் சரி என்று ஒப்புக்கொண்டால்தான் அது அளவு. ஜாயிண்ட் மெஷர்மெண்ட் என்போம். ஆயுசு பூராவும் இப்படியே அளந்து பழகிய இரண்டு பேர் கையில் தூரம் காட்டும் கருவியைக் கொடுத்தால் என்ன ஆகும்? அவர் லேசரில் பார்த்து ஒரு எண் சொல்வார். பாயின் கடிகாரம் வேறொரு எண் சொல்லும். நான் விடுவேனா? காலால் அளந்துகொண்டு கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து மூன்றாவதாக ஒன்று சொல்வேன். மூன்றும் ஒத்துவராமல் ஒருத்தரும் அடிப்பதில்லை.

"பாய், உங்க வாட்ச் கிரீனுக்கு நடுவுல காட்டுது. கொடி ஓரத்துல இருக்கு."

"அரே அண்ணே, உங்க லேசர் மட்டும் பெரிய யோக்கியமா? போன வாரம் கப்பலை அளந்துச்சே!"

அது உண்மை. கடலோரக் குழியில் கொடிக்கு நேர் பின்னால் ஒரு கப்பல் நங்கூரம் போட்டிருந்தது. லேசர் கொடியை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டது. காண்டிராக்டர் லேசர் தப்பே சொல்லாது என்று சாதித்து, இருப்பதிலேயே பெரிய மட்டையை எடுத்து அடித்தார். பந்து நேராகக் கடலுக்குப் போனது. அதிலும் அவருக்கு வருத்தமில்லை. "அளவு கரெக்ட்தான், கப்பலுக்கு" என்றார்.

இத்தனை ரகளைக்கும் பிறகு நாங்கள் எடுப்பது எப்போதும் அதே ஏழாம் நம்பர் மட்டைதான்.

எங்களுக்குப் பின்னால் ஆட வருவது ஒரு வாத்தியார் கோஷ்டி. இடுப்பில் கைவைத்து நின்று நின்று அலுத்துப்போய் வாத்தியார் ஒருநாள் கத்தினார். "க்யா சாப், கேல் ரஹே ஹோ யா சடக் பனா ரஹே ஹோ?" விளையாடுகிறீர்களா, இல்லை ரோடு போடுகிறீர்களா என்று. மெதுவாக ஆடுகிறவர்கள் ஒதுங்கி, பின்னால் வருகிறவர்களை முன்னே போகவிட வேண்டும். ஆட்டத்தின் மரியாதை அது. நாங்கள் விட்டதே இல்லை. ரோஷம்! ஆட்டம் முடியாமல் இருட்டில் மேட்டேறிய சனிக்கிழமைகள் எத்தனையோ.

கருவியை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். பாய்தான் நியாயம் பேசினார். "சார், மேட்டுக்குப் பின்னாடி கொடி தெரியாத குழியில, முன்ன எல்லாம் நடந்து போய்ப் பாத்துட்டுத் திரும்பி வருவோம்ல? இப்ப வாட்ச்சைப் பாத்தா போதும். அந்த நேரம் மிச்சம்தானே?" மிச்சம்தான். ஒருமுறை பார்த்துவிட்டு அடிக்கிறவனுக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும். நம்பாதவன் கையில் அதுவே நேரத்தை முழுங்கும். எங்கள் மூவருக்கும் நம்பிக்கை என்பது தொழிலிலேயே கிடையாது.

இதெல்லாம் கதை. நான் சொல்ல வந்தது போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமையைப் பற்றி.

என் மனைவிக்கு மார்பில் ஒரு கட்டி. இங்கே பார்த்த டாக்டர், சென்னைக்குப் போய்ச் சோதித்துவிடுங்கள் என்றார். டெல்லியிலிருந்து ஆய்வுக்கு ஆட்கள் வருவதாக இருந்ததால் எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் மட்டும் சென்னைக்குப் போய்த் தன் தங்கை வீட்டில் தங்கினாள். சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியாகிவிட்டது. சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் டாக்டர் முடிவைச் சொல்வார். தங்கையைக்கூடத் துணைக்கு வர வேண்டாம் என்றுவிட்டாள். "யாரும் கூட வந்து மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்கார வேணாம். நான் பாத்துட்டு உங்களுக்குப் போன் பண்றேன்."

வீட்டில் உட்கார்ந்து போனையே வெறித்துக்கொண்டிருந்த என்னைக் காண்டிராக்டர்தான் வந்து கிளப்பினார். "சலோ சார். மூணரைக்கெல்லாம் மேட்டுக்கு ஏறிரலாம். அதுவரைக்கும் காலாவது நடக்கட்டும்." லேசரை வெளியே எடுக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்தார். பாயும் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டார். முதல் மூன்று குழிகளையும் ஓட்டமும் நடையுமாக முடித்தோம். அவ்வளவு வேகமாக நாங்கள் ஆடியதே இல்லை. பின்னால் வந்த வாத்தியாருக்கே மூச்சு வாங்கியிருக்கும்.

நாலாவது குழியில் பந்தின் பக்கத்தில் போய் நின்றேன். இதே வேகத்தில் போனால் சொன்ன நேரத்துக்கு மேட்டில் இருப்பேன். மேட்டில் இருந்தால் போன் அடிக்கும். அடித்தால் எடுத்தாக வேண்டும்.

"அண்ணே, அந்த லேசரைக் கொடுங்க."

காண்டிராக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். அளந்தேன். மறுபடி அளந்தேன். "பாய், உங்க வாட்ச் என்ன சொல்லுது?" என்றேன். அவர் பைக்குள் துழாவிக் கடிகாரத்தை எடுத்தார். இரண்டும் ஒத்துவரவில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு. நடந்துபோய்க் காலால் அளந்துவிட்டு வந்தேன்.

ஒவ்வொரு அடிக்கும் அப்படியே செய்தேன். பின்னால் வாத்தியார் கோஷ்டி வந்து நின்றபோது, "ஆப் ஜாயியே சாப்" என்று நானே ஒதுங்கி வழி விட்டேன். வாத்தியார் நம்பாமல் ஒருதரம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர்களுக்கும் பின்னால் வந்த இரண்டு பேருக்கும் வழி விட்டேன். காண்டிராக்டர் பொறுமையாக என் பந்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார். சும்மாவே இருக்க முடியாத மனுஷன் அவர்! பாய், "டீக் ஹே சார், இன்னொரு தடவை பாத்துருவோம். அவசரம் என்ன?" என்று கடிகாரத்தை என் பக்கம் நீட்டினார். இருவருக்கும் புரிந்துவிட்டது. எனக்குப் பயம். வேறொன்றும் இல்லை, வெறும் பயம்.

எட்டாவது குழியை முடித்தபோது கடல் கறுக்கத் தொடங்கியிருந்தது. மைதானத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

"சார், வெளிச்சம் போயிருச்சு. இனிமே அளக்க முடியாது. வாங்க, ஏறுவோம்" என்றார் காண்டிராக்டர். என் பையையும் அவரே தோளில் மாட்டிக்கொண்டார்.

மேட்டுக்கு ஏறினோம். போனை எடுத்தேன். சிக்னல் வந்தது. சிக்னல் இல்லாதபோது யாராவது கூப்பிட்டிருந்தால் வரும் மெசேஜ் ஒன்றுகூட இல்லை. மணி ஐந்தாகப் போகிறது, அவள் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. நல்ல சேதியாக இருந்தால் கூப்பிடாமல் இருப்பாளா? பாய் கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எண்ணை அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணும் இல்லையாம்ங்க. சாதாரணக் கட்டிதானாம். பயப்படவே வேணாம்னு சொல்லிட்டார்."

அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு காண்டிராக்டர் ஹோவென்று ஒரு சத்தம் போட்டார். பாய் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"மூணு மணிக்கு டாக்டர்ன்னு சொன்ன. மணி என்ன ஆகுது பாத்தியா? ஒரு போன் பண்ண முடியல உன்னால?"

"இப்பத்தாங்க வெளிய வந்தேன்" என்றாள். "என் நம்பரை அப்பவே கூப்பிட்டாங்க. பின்னாடி ஒரு அம்மா இருந்தாங்க, நீங்க போங்கன்னு அவங்கள விட்டேன். அப்புறம் இன்னொருத்தரை விட்டேன். அப்படியே எல்லாரையும் விட்டுட்டேன். இனிமே யாரும் இல்ல, நீங்கதான்னு நர்ஸ் வந்து சொன்னப்புறம்தான் எந்திரிச்சே போனேன். நீங்க எம்புட்டு நேரமா போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்களோ..."

"இல்லம்மா" என்றேன். "நானும் இப்பத்தான் வந்து சேர்ந்தேன்."