மீனுக்குப் போட்ட பெல்ட்

என் பழைய காரில் இன்ஜின் போடும் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழாது. புதிதாக வாங்கிய ஹைப்ரிட் கார் பேட்டரியில் பூனை மாதிரி போகிறது. அதனால், பெல்ட் போடச் சொல்லி அது அடிக்கும் 'பீப் பீப்' மண்டைக்குள் புகுந்து குடைகிறது. தொப்பையை இறுக்கும் பெல்ட் எனக்கு ஆகவே ஆகாது. நான் என்ன சின்னப் பிள்ளையா? பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டி, அதன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துவிடுவேன். கார் ஏமாந்துபோய் வாயை மூடிக்கொள்ளும்.

போன ஞாயிற்றுக்கிழமை செம்பாக்கம் ஏரிக்கரையில் மீன்கார அக்காவிடம் ஒரு முழு வஞ்சிரம் வாங்கினேன். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொடுத்தார். பெட்டியைப் பக்கத்து சீட்டில் வைத்து வண்டியைக் கிளப்பினால், மறுபடியும் பீப் பீப். ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துவிட்டது, சனியன்! எரிச்சலில் பெட்டியைச் சுற்றி பெல்ட்டை மாட்டினேன்.

"செத்த மீனு சார், எங்க ஓடிடப் போவுது?" என்று அக்கா சிரித்தார்.

தாம்பரத்துக்குத் திரும்பும் வழியில், முன்னால் போன ஷேர் ஆட்டோ யாரோ கை காட்டியதற்காக நடுரோட்டில் சடாரென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். என் நெற்றி ஸ்டியரிங்கில் போய் மோதியது.

வீட்டில் மனைவி என் நெற்றிப் புடைப்பைப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து மீனையும் பார்த்தாள்.

"மீன் பத்திரமாத்தான் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, அதன் மேலிருந்த ஐஸ் கட்டி ஒன்றை எடுத்து என் நெற்றியில் வைத்து அழுத்தினாள்.