நாத்தனாரின் முணுமுணுப்பு

என் நாத்தனார் ஆண்களுக்கு முடி வெட்டுபவள். கையில் கத்தரி இருந்தால் அவள் வாய் சும்மா இருக்காது. கடைசியாகக் காதில் விழுந்தது எதுவோ அதையே முணுமுணுப்பாள். பக்கத்து நாற்காலியில் வெட்டுகிற நான் பதினோரு வருடமாக இதைச் சகித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கடைக்கு இரண்டு ராப் பாடகர்கள் வருவார்கள். ஒருவன் எலக்ட்ரீஷியன், பட்டப்பெயர் கரண்ட். இன்னொருவன் தண்ணீர் கேன் போடுபவன், பட்டப்பெயர் சுத்தியல். ஒரு வருடமாக இருவருக்கும் ஆகாது. இவன் ஒரு வீடியோவில் அவனைக் கிழித்தால், அவன் மறுநாளே பதில் போடுவான். கீழே ரசிகர்கள் அடித்துக்கொள்வார்கள். இத்தனைக்கும் இருவரும் நேரில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தச் சனிக்கிழமை நடந்த ராப் போட்டியில்தான் முதன்முறையாக ஒரே மேடை.

வியாழக்கிழமை சுத்தியல் வந்தான். மூன்று மாதம் எழுதிய வரிகளை நாற்காலியிலேயே ஒப்பித்துப் பார்த்தான். மேடையில் ஒரு வரி மறந்தாலும் வாயடைத்து நின்றுவிடுகிறவன் அவன். இந்த முறையும் சொதப்பினால் இனி மைக்கையே தொடமாட்டேன் என்றான். நாத்தனார் தைரியம் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் கரண்ட் வந்து உட்கார்ந்தான். இவள் பாட்டுக்கு வெட்டிக்கொண்டே முந்தின நாள் கேட்ட வரிகளை முணுமுணுத்தாள். கரண்ட் அசையாமல் கேட்டான். இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். அப்போதுதான் இவளுக்கு உறைத்தது.

அவன் போனதும், "அண்ணி, சுத்தியல கவுத்துட்டேன்" என்றாள். ஓட்டை வாய் என்று திட்டித் தீர்த்தேன்.

சனிக்கிழமை மேடைக்குப் பின்னால் சுத்தியலைத் தேடிப் பிடித்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவன் கையிலிருந்த தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மேடையேறிவிட்டான்.

கரண்ட் எடுத்த எடுப்பிலேயே சுத்தியலின் வரிகளுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் பாடி முடித்தான். கூட்டம் ஆர்ப்பரித்தது. அடுத்து சுத்தியல். மைக்கைப் பிடித்தபடி நின்றான். தாளம் நாலு சுற்று சும்மா ஓடியது. கூட்டத்தில் என் பக்கத்தில் நின்ற நாத்தனார் என் கையை நெரித்தாள். பிறகு அவன் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு ஆரம்பித்தான்.

"ராத்திரி பகலா கண்ணு முழிச்சு வரி வரியா உழைச்சேன்,
அக்காகிட்ட தலையக் குடுத்து அத்தனையும் தொலைச்சேன்.
முடிய வெட்டச் சொன்னா அக்கா மூணு மாசத்த வெட்டிட்டா,
அடுத்தவன் வந்து குந்துனதும் அவன் காதுல கொட்டிட்டா."

அவன் எங்கள் பக்கம் கைகாட்ட, அரங்கமே எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவன் நிற்கவே இல்லை. திருட்டு வரிக்குப் பதில் எழுதிய கரண்டை ஒரு பிடி பிடித்தான். கரண்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கடைசியில் சுத்தியலின் கையைத் தானே தூக்கிக் காட்டினான்.

கீழே இறங்கியவனிடம் நாத்தனார் கண் கலங்க மன்னிப்புக் கேட்டாள்.

"மன்னிப்பு எதுக்குக்கா? எழுதினது மறந்துடுமோன்னுதான் ஒவ்வொரு தடவையும் செத்துச் செத்துப் பொழச்சேன். இன்னைக்கு மறக்குறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமே இல்ல" என்றான்.