அம்மாவின் நாவலில் வந்த அத்தை

அம்மா நாவல் எழுதுகிறாள் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் பெருமை இருந்ததாக எனக்கு நினைவில்லை. எனக்கு இருந்தது எரிச்சல்தான். பாண்டிச்சேரி நெல்லித்தோப்பில் எந்த வீட்டுக்கு விளையாடப் போனாலும், இந்தப் பெண் முன்னால் எதுவும் பேசாதீர்கள், நாளைக்கே புத்தகத்தில் வந்துவிடும் என்று யாராவது சொல்லிவிடுவார்கள். வந்தும்விடும். பக்கத்து வீட்டுக்காரி மாமியாரைத் திட்டியது, மீன்காரியோடு நடந்த தகராறு, அப்பா தூக்கத்தில் உளறியது என்று எல்லாவற்றையும் அம்மா அள்ளிக்கொண்டு போய்க் கதையில் போட்டுவிடுவாள்.

கேட்டால், நம் ஊர்ப் பேச்சை நாம் எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள் என்பாள். பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், நாம் மதராஸ்காரர்களும் இல்லை, அப்படியானால் நாம் யார் என்பது அவளுடைய ஓயாத கேள்வி. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து களைத்து வரும் அப்பாவிடமும் அதையே கேட்பாள்.

“நெல்லித்தோப்புல வாடகைக்கு இருக்கறவங்க. வேற யாரு?” என்று சொல்லிவிட்டு அப்பா சாப்பிட உட்காருவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அம்மாவின் நாவல் ஒன்று அச்சாகி வந்தது. வந்த நேரம்தான் சரியில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அப்பாவின் அக்கா அப்படி ஒரு சொல்தாவைக் கட்டிக்கொண்டு பிரான்சில் தூலோன் நகரத்துக்குப் போய்விட்டவள். எப்போதாவது கோடை விடுமுறைக்கு வருவாள். இந்த முறை என் அண்ணனைக் கூட்டிப்போய் அங்கே படிக்க வைப்பதாகச் சொல்லியிருந்தாள். அவள் பொறுப்பேற்றால்தான் அவன் போக முடியும். அதற்காக ஒரு ஸ்வெட்டர்கூட வாங்கியாகிவிட்டது. அண்ணன் பாண்டிச்சேரி வெயிலில் அதைப் போட்டுப் பார்த்து வியர்த்துக்கொண்டிருந்தான்.

நாவலில் ஒரு பெண் வருகிறாள். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு மார்க்கெட்டுக்குள் நடப்பவள். காய்ச்சிய தண்ணீரையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் குடிப்பவள். பெயரை மட்டும்தான் அம்மா மாற்றியிருந்தாள். அத்தையின் கன்னத்து மச்சத்தைக்கூட அப்படியே விட்டுவைத்திருந்தாள்.

பையனின் எதிர்காலம் பாழாகிவிடும் என்று அப்பா கெஞ்சினார். அது கதைதானே என்றாள் அம்மா. அவளோடு பேசிப் பயனில்லை என்று அப்பா புத்தகக் கட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளிப் பழைய பாயைப் போட்டு மூடினார்.

அத்தை வந்து மூன்று நாள்கூட ஆகவில்லை, அவள் கதையில் வருவதைத் தெருவில் யாரோ சொல்லிவிட்டார்கள். புத்தகத்தைக் கொண்டுவா என்றாள். அவள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அதனால் நான் படித்துக் காட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தவளக்குப்பம் பக்கம் நழுவிவிட்டான். அம்மா பாட்டுக்குச் சமையலறையில் வேலையாக இருந்தாள். மாட்டிக்கொண்டது நான்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை ஈஸிசேரில் சாய்ந்துகொண்டாள். மார்க்கெட் கட்டம் வந்ததும் நான் மெதுவாக இரண்டு பக்கங்களைத் தள்ளிப் படித்தேன்.

“நில்லு. மார்க்கெட்டு வாசல்ல நின்னவ அடுத்த வரியில வூட்ல சோறு சாப்பிடறாளா? நடுவுல என்ன வுட்ட?”

வேறு வழியில்லாமல் படித்தேன். மூக்கு, தண்ணீர், மச்சம், எல்லாம். அத்தையின் விரல் மட்டும் கன்னத்துக்குப் போயிற்று. மேலே படி என்றாள்.

இப்படியே பல மதியங்கள் போயின. வெளியே என் கூட்டாளிகள் கட்டம் கீறிப் பாண்டி ஆடும் சத்தம் கேட்கும். அத்தையோ வரிக்கு வரி நிறுத்தி, அந்த வார்த்தையை இன்னொரு தரம் சொல்லு என்பாள். தமிழ் மறந்துபோயிற்று போலிருக்கிறது என்று நான் அர்த்தம் சொல்லத் தொடங்குவேன். அர்த்தம் யார் கேட்டது, நீ படி என்று அதட்டுவாள்.

நாவலின் கடைசிப் பகுதியில் அந்தப் பெண் பிரான்சுக்குத் திரும்பிவிடுகிறாள். புருஷன் வேலைக்குப் போயிருக்கிறான். பிள்ளைகள் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அவள் அடுக்ககத்து வீட்டில் தனியாக நின்று வெங்காயம் அரிந்தபடி மீன் விலை பேசுகிறாள். அவளே மீன்காரி, அவளே வாங்குகிறவள். கட்டுப்படியாகாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலடி போகிறாள், பிறகு மீன்காரியின் குரலில் தன்னையே திரும்பக் கூப்பிடுகிறாள்.

எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. நிமிர்ந்து பார்த்தால், அத்தை ஈஸிசேரில் நேராக உட்கார்ந்திருந்தாள். அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“இத யாரு சொன்னது உனக்கு?”

“யாரும் சொல்லல அண்ணி. நானா எழுதனதுதான்.”

“எங்க வூட்டுக்காரருக்கே தெரியாது.”

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னை விளையாடப் போகச் சொன்னார்கள். விட்டால் போதுமென்று ஓடினேன். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கத் திரும்பி வந்தபோது, வீட்டில் ஒரு மீன்கூட இல்லாமலே இரண்டு பேரும் மீன் விலைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சமாதானமாகிவிட்டார்கள் என்று அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. ஆனால் புறப்படுவதற்கு முன்னால் அத்தை, அண்ணனைக் கூட்டிப்போவதாக இல்லை என்று சொல்லிவிட்டாள். அப்பா காரணம் கேட்டார்.

“இங்கியே படிக்கட்டும். அங்க வந்து செவுத்தோட பேசறதுக்கா?”

அதற்குமேல் எவ்வளவு கேட்டும் அவள் பிடி கொடுக்கவில்லை. அந்த மச்சத்தை எழுதியதற்குப் பழிவாங்கிவிட்டாள் என்று அப்பா அடித்துச் சொன்னார். அண்ணன் மழைக்காலம் முடியும்வரை அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் அம்மாவைத்தான் மனதுக்குள் திட்டினேன். ஊர்ப் பேச்சாம், நாம் யாராம். அதெல்லாம் எழுதிக் கிழித்ததில் அண்ணன் இங்கேயே கிடக்கும்படி ஆகிவிட்டது.

அத்தை கிளம்பிய அன்று வாசலில் டாக்ஸி நின்றது. பெட்டியில் இடம் போதாமல் அவள் ஊறுகாய் ஜாடியை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அந்தப் புத்தகத்தில் நாலைந்து பிரதிகளைப் புடவைக்கு நடுவே செருகினாள். கொண்டுபோய்க் கிழித்துப் போடத்தான் என்று அப்பா முணுமுணுத்தார். பிறகு அத்தை அம்மாவைக் கட்டிக்கொண்டு, தெரு பார்க்கிறதே என்றுகூட இல்லாமல் அழுதாள். டிரைவர் ஹாரன் அடித்தும் விடவில்லை. இத்தனை கோபம் உள்ளவள் எதற்காக இப்படிக் கட்டிக்கொள்கிறாள், கார் எப்போது கிளம்பும் என்று நான் அலுப்போடு பார்த்துக்கொண்டு நின்றேன்.