எட்டாம் ஆளுக்குப் பின்னால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, கண்ணூறு, சகுனம் எதுவும் என்னிடம் எடுபடாது. நான் லிஃப்ட் திருத்துகிறவள். சுவிஸில் பேர்ண் நகரத்தில் பிறந்து, அதன் ஓரத்துப் பூம்ப்ளிஸில் வளர்ந்து, பதினாறு வயதிலிருந்து லிஃப்ட் கூண்டுக்கு மேலே ஏறி நின்று வேலை செய்கிறேன். எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஒரு காலத்தில் தானாகவே நாலாம் மாடிக்குப் போய்க் கதவைத் திறந்துகொண்டு நிற்கும். அங்கே தனியாக இருந்து இறந்துபோன மனிதர்தான் கூப்பிடுகிறார் என்று கட்டடத்தில் இருக்கிற எங்கள் தமிழ்ச் சனம் முழுக்கப் படியால் ஏறி இறங்கியது, அம்மா உட்பட. நான் பலகையைக் கழற்றிப் பார்த்தேன், பொத்தானுக்குப் பின்னால் யாரோ ஒட்டிய சூயிங்கம். இனிச் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு இவளும் அந்த மாதிரி ஆள்தான் என்று நீங்கள் நினைக்கக் கூடாது, அதற்காகத்தான் இதைச் சொன்னேன். நினைத்தாலும் பரவாயில்லை, நடந்தது நடந்ததுதான்.

எனக்கு இன்னொரு பைத்தியம் உண்டு, பாராசூட். பழைய இராணுவ விமானம் ஒன்றை வைத்திருக்கும் ஒரு கழகத்தில் நான் உறுப்பினர். வருடத்துக்கு ஒருமுறை, இரண்டாம் உலகப் போரில் ஒல்லாந்தில் ஒரு பாலத்துக்காக நடந்த சண்டையின் நினைவுநாளில், லுசேர்ண் பக்கத்தில் ஒரு புல்வெளியில் நாங்கள் அந்தக் காலத்து வட்டக் குடைகளைக் கட்டிக்கொண்டு குதிப்போம். சுவிஸ் எங்கே, அந்தச் சண்டை எங்கே என்று கேட்பீர்கள். காரணம் ஆதர் என்கிற ஒரு மனிதர். இங்கிலாந்துக்காரர், அந்தச் சண்டையில் குதித்தவர், பிறகு இங்கே லோசான் நகரத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்து அங்கேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய பழைய கூட்டாளிகளும் வருவதற்காகத் தொடங்கிய விழா இது. முன்பு வரிசையாகக் கதிரை போட்டு உட்காருவார்களாம். போன வருடம் சக்கர நாற்காலிகள் மூன்றுதான் இருந்தன, அதில் ஒன்றில் தொண்ணூற்றொன்பது வயது ஆதர்.

நான் குதிக்கிறது அம்மாவுக்குத் தெரியாது. ஊரில் சண்டைக் காலத்தில் விமானச் சத்தம் கேட்டதும் பங்கர்க் குழிக்குள் ஓடி ஓடிக் களைத்த மனுசி, இங்கே ஹெலிகொப்டர் தாழப் பறந்தாலே யன்னலைச் சாத்துவார். நான் மலை ஏறப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவேன். அவர் எனக்கு இடியப்பம் கட்டித் தருவார், நான் அதை விமானத்துக்குள் வைத்துச் சாப்பிடுவேன். பொய் சொல்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் போவேன்.

அன்றைக்கு நல்ல வெயில், மத்தியானம் இரண்டு மணி. இருட்டும் இல்லை, மழையும் இல்லை, மனிசருக்குப் பயம் வருகிற மாதிரி எதுவுமே இல்லை. எட்டுப் பேர் குதிக்கிறோம், நான் எட்டாவது, கடைசி ஆள். வரிசை விமானத்தின் வால்பக்கம் இருக்கிற கதவைப் பார்த்து நிற்கும், அதனால் எனக்குப் பின்னால் விமானியின் அறைச் சுவர்தான்.

குதிக்கிற முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. ஒவ்வொருவரின் முதுகுப் பொதியிலிருந்தும் ஒரு நீளப் பட்டி வரும். அதன் நுனியை விமானத்தின் கூரையில் ஓடுகிற கம்பியில் கொக்கியால் கொழுவ வேண்டும். குதித்ததும் அந்தப் பட்டிதான் குடையை இழுத்து விரிக்கும். எங்கள் விமானத்தில் பட்டி இடது தோளுக்கு மேலால் வர வேண்டும், இடது கையில் பிடிக்க வேண்டும். கக்கத்துக்குக் கீழால் வந்தால் முடிந்தது கதை. குதிக்கும்போது கையோடு சேர்த்து முறுக்கி இழுக்கும், தோள்மூட்டு கழன்றுவிடும், விதி கெட்டால் விமானத்துக்கு அடியில் தொங்கவும் நேரும். அதனால்தான் ஒவ்வொருவரும் முன்னால் நிற்பவரின் பட்டியைப் பார்த்து, தோளில் ஒரு தட்டுத் தட்டி, பின்னாலிருந்து இலக்கம் சொல்லிக்கொண்டு வருவோம். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவரும் இல்லாததால், எங்களைக் குதிக்கவிடுகிற பொறுப்பாளர் வந்து பார்ப்பார்.

வழக்கமான பொறுப்பாளருக்குக் காய்ச்சல். பதிலுக்கு வந்தவர் ரூடி, எழுபத்திரண்டு வயது, அனுபவம் உள்ள மனிதர். என் பட்டியைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டுத்தான் கதவடிக்குப் போனார். ஆனால் நான் கட்டை, கம்பி எனக்கு எட்டாது என்பது அவருக்குப் பிறகுதான் நினைவு வந்தது. திரும்ப ஓடி வந்து என் பட்டியை வாங்கிக் கம்பியில் கொழுவி, மிச்சத்தை என்னிடம் நீட்டினார். நான் வாங்கினேன். எந்தக் கையால் வாங்கினேன் தெரியுமா, வலது கையால்.

வேண்டுமென்று இல்லை. கோயிலில் திருநீறு வாங்கினாலும் சரி, கடையில் மிச்சக் காசு வாங்கினாலும் சரி, பெரியவர்கள் தருவதற்கு இடது கையை நீட்டினால் அம்மா அந்தக் கையில் ஒரு அடி போடுவார். என் வயதுக்காரர் தந்தால் எந்தக் கை என்று நான் பார்ப்பதில்லை, ஆனால் நரைத்த தலை ஒன்று எதையாவது நீட்டினால் என் வலது கை தானாகப் போய்விடும். ரூடி இடது பக்கமாக நின்று நீட்டினார், என் வலது கை இடது கக்கத்துக்குக் கீழால் குறுக்கே போய்ப் பட்டியை வாங்கிக்கொண்டது. ஒரு சுவிஸ்காரனுக்கு இந்தப் பிழை வந்திருக்காது. எனக்குப் பிழை என்றே தெரியவில்லை. ரூடியும் கவனிக்கவில்லை, திரும்பவும் கதவடிக்குப் போய் முழங்காலில் நின்று தலையை வெளியே நீட்டிப் புல்வெளியைத் தேடினார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. நான்தான் முதலில் எட்டு என்று சொல்ல வேண்டும், வாயைத் திறக்கப் போகிறேன், அப்போது யாரோ பின்னால் நின்று என் இடது முழங்கையை மெதுவாக உயர்த்தினார்கள். ரூடிதான் என்று நினைத்தேன், எங்கள் வேலையில் மற்றவர் கை மேலே படுவது சாதாரணம். பட்டியை வலது கையிலிருந்து எடுத்து, கக்கத்துக்குக் கீழாலிருந்து உருவி, தோளுக்கு மேலால் போட்டு, என் இடது உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடினார்கள். சின்னவிரலில் தொடங்கி. சாக்குத் துணி மாதிரிச் சொரசொரத்த கையுறை. பிறகு வலது தோளில் இரண்டு தட்டு. எங்கள் கழகத்தில் ஒரு தட்டுத்தான், அதுவும் அப்போது எனக்கு உறைக்கவில்லை. எட்டு என்று கத்தினேன், ஏழு, ஆறு என்று முன்னால் போனது, பச்சை விளக்கு எரிந்தது, போய்விட்டேன். குடை அழகாக விரிந்தது, கீழே ஏரி மினுங்கியது, நான் நல்ல சந்தோசமாக இறங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

விமானம் தரையிறங்கியதும் ரூடியிடம் போய் நன்றி சொன்னேன், பட்டியைச் சரிசெய்தீர்களே, இல்லாவிட்டால் என் கை போயிருக்கும் என்று. தான் கதவடியை விட்டு அசையவில்லை என்றார். பிறகு பட்டியை எப்படிக் கொடுத்தோம், நான் எப்படி வாங்கினேன் என்று செய்து பார்த்தார். பார்த்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். ஏழாவது ஆளிடம் கேட்டோம், அவன் திரும்பவே இல்லை, திரும்பவும் முடியாது. நான் விடுவேனா, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு விமானத்துக்குள் ஏறினேன். பொதியைக் கட்டிக்கொண்டு அதே இடத்தில் நின்றேன். பொதிக்கும் சுவருக்கும் நடுவில் நாலு சென்ரிமீற்றர். ஒரு மனிசன் நிற்கிற இடம் இல்லை அது. விமானியின் அறைக் கதவும் பறக்கும்போது உள்ளேயிருந்து பூட்டியே இருந்ததாம்.

எங்கள் விழாவில் ஒரு வழக்கம், கடைசியாகக் குதித்தவர் மூத்த வீரரிடம் போய் இத்தனை பேர் குதித்தோம், இத்தனை பேர் நலமாக இறங்கினோம் என்று சொல்ல வேண்டும். போனேன். எட்டுப் பேர், எட்டுப் பேரும் நலம் என்றேன். ஆதருக்குக் காது மந்தம், ஆனால் கண் கூர்மை. உனக்கு என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேலி பண்ணினாலும் பண்ணட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன், விரல் மடித்தது வரைக்கும். அவர் கேலி பண்ணவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

"அவன் உன்னிடம் ஏதாவது கேட்டானா?" என்றார்.

இல்லை என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டுத் தேநீர் கேட்டார். கோப்பையை நான்தான் பிடித்துக் கொடுத்தேன்.

மூன்று கிழமை கழித்துக் கழகம் வீடியோ அனுப்பியது. விமானத்தின் உட்சுவரில் எனக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கமெரா பூட்டியிருந்தார்கள். அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து வீட்டு ரீவியில் பெரிதாகப் போட்டேன். இதற்கும் ஒரு சூயிங்கம் இருக்கும், கண்டுபிடிக்கிறேன் பார் என்கிற திமிரோடுதான் போட்டேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. என் இடது முழங்கை தானாக உயர்கிறது. பட்டி போகிறது, விரல்கள் மடிகின்றன, சின்னவிரலில் தொடங்கி. அதற்குப் பிறகு நான் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்க்கிறேன், யாரோ காதில் சொல்வதைக் கேட்பது போல. என் உதடு அசைகிறது. அப்படி எதையும் சொன்ன நினைவே எனக்கு இல்லை. எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

அம்மா எப்போது வந்தார் என்று தெரியாது, வாசலில் செருப்போடு நின்றார். பாராசூட்டைக் கட்டிக்கொண்டு நிற்கிற மகளை ரீவியில் பார்த்துவிட்டார், ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். அந்த மெசின் இரைச்சலுக்குள் பெண்கள் உதட்டைப் பார்த்துத்தான் கதைப்பார்கள்.

"ஆருக்குப் பிள்ளை, 'ஓம், வாறன்' எண்டு சொல்லுறாய்?" என்றார்.

திரும்பவும் போட்டேன். அம்மா சொன்ன பிறகு எனக்கும் தெளிவாகத் தெரிந்தது. ஓம், வாறன். ஆமாம், வருகிறேன் என்று. குதிக்கிற இடத்தில் நான் தமிழ் கதைப்பதே இல்லை, கதைக்க ஆளும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை ரயிலேறி லோசானுக்குப் போனேன், ஆதர் இருக்கிற முதியோர் இல்லத்துக்கு. வீடியோவைக் காட்டினேன், நான் சொன்னதை மொழிபெயர்த்தும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பாலத்துக்குப் போன அன்று தன் பட்டியையும் ஒரு கை சரிசெய்தது என்றார். தன்னிடமும் கேட்டதாம்.

"வருகிறாயா என்று கேட்டான். நான் இப்போது வரவில்லை என்றேன்," என்றார். அவருடைய வரிசையில் குதித்தவர்களில் அவர் ஒருவர்தான் வீடு திரும்பியவர். மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

இப்போதும் நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. வேலைக்குப் போகிறேன், லிஃப்ட் கூண்டுக்கு மேலே ஏறுகிறேன், இந்த வருடப் பட்டியலில் பெயரும் கொடுத்திருக்கிறேன், அம்மாவோடு அதற்காகத் தினமும் சண்டை. எனக்குப் பயம் இல்லை. ஆனால் யாராவது கூப்பிட்டால் வாறன் என்று மட்டும் வாயில் வருவதில்லை. அம்மா குசினியிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டாலும் பேசாமல் எழும்பிப் போய் முன்னால் நிற்பேன். அதை அவர் கவனித்துவிட்டார். இப்போது அவர் கூப்பிடுவதும் இல்லை, கையில் கரண்டியோடு என் அறை வாசலுக்கு வந்து, நான் திரும்பிப் பார்க்கும் வரைக்கும் பேசாமல் நிற்கிறார்.