அரைத் துண்டு தள்ளி

பல்லடம் பஸ் ஸ்டாண்டை நோக்கி நான் நடந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு மொபெட் வந்து என்னை ஒட்டி நின்றது. வந்தவர் கோவிந்தராஜ் அண்ணன். சற்று முன்புதான் அவருடைய தையல் ஷெட்டிலிருந்து, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியேறியிருந்தேன். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துத் தோளிலிருந்த மூட்டையைக் கீழே இறக்கினேன். அவரோ, "ஏனுங்க மாஸ்டர், சோறுங்காமயே கெளம்பிட்டீங்களாமா? சாப்ட்டுப்போட்டுப் போயிருக்கலாமுங்களே" என்றார். நான் பசியில்லை என்றேன். "வெயிலாக் கெடக்குது. ஏறுங்க, பஸ் ஸ்டாண்டுல உட்டுப்போடறேன்" என்றார். நடந்துகொள்கிறேன் என்றேன். "செரிங்க, பாத்துப் போங்க" என்று வண்டியைத் திருப்பினார்.

பம்பாய்த் தாராவியில் இதைப் படிக்கும் உங்களுக்கு இது கட்டுக்கதை போலத் தெரியும். அங்கே வேலையை விட்டு நிற்கிறவனை யாரும் வழியனுப்ப மாட்டார்கள். சூரத்தில் ஒரு முதலாளி என் செருப்பைத் தெருவில் எறிந்தார். அதைப் பொறுக்கி மாட்டிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போனேன். அதில் ஒரு வசதி இருந்தது: திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. இந்த ஊரில் வசவுக்கும் ஒரு 'ங்க' உண்டு. கோபித்துக்கொண்டு போகிறவன் கூட மரியாதையைச் சுமந்துகொண்டுதான் போக வேண்டும்.

என் அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கம். நான் பிறந்தது, கார்ப்பரேஷன் பள்ளியில் ஏழாம் வகுப்போடு நின்றது எல்லாம் தாராவி. ரயில் ஏறும்போது எல்லோரும் "சொந்த மாநிலத்துக்குப் போற" என்று கை குலுக்கினார்கள். வந்து இறங்கியதும் நான் வாயைத் திறந்தால் இங்குள்ளவர்கள் "எந்தூருங்க நீங்க?" என்று கேட்டார்கள். பம்பாய் என்றால் "அதானே பாத்தேன்" என்றார்கள். அப்படியே பட்டப்பெயராகிவிட்டது: பம்பாய் மாஸ்டர். முதல் நாள் கோவிந்தராஜ் அண்ணன் "வாங்க மாஸ்டர்" என்றபோது கிண்டல் செய்கிறார் என்று நினைத்து முறைத்தேன். அவர் பதறிப்போய் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

அந்த ஷெட்டில் தைத்தது குவில்ட். வெளிநாட்டுப் படுக்கையறைகளுக்குப் போகும் போர்வை. ஒரே அளவில் வெட்டிய சதுரத் துண்டுகளை இணைத்து மேல்துணி ஆக்குவோம். நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி, மூன்றையும் சேர்த்து மேலே தையல் ஓட்டுவோம். வாங்கும் கம்பெனியின் விதித்தாள் சுவரில் ஒட்டியிருக்கும். அதில் முதல் விதி, நான்கு துண்டுகள் கூடுகிற இடத்தில் நான்கு மூலைகளும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும் என்பது. நூலளவு விலகினாலும் பிரித்துத் தைக்க வேண்டும்.

எனக்குக் கை படிந்தது இதற்கு நேர்மாறான விதியில். தாராவியில் எங்கள் சந்தில் மழைக்காலம் முடிந்ததும் எல்லா வீட்டிலும் கோதடி தைப்பார்கள். பழைய புடவைகளை அடுக்கி, மேலே கிடைத்த துண்டுகளையெல்லாம் ஒட்டுப்போட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஊசியை ஓட்டிக்கொண்டே போவார்கள். சந்தில் தண்ணீர் ஏறும் வருடங்களில் அதுதான் மெத்தை, அதுதான் கதவு இடுக்கை அடைக்கும் துணி. பக்கத்து வீட்டு மராத்திக்காரி சக்கு மாவ்ஷிக்கு (மாவ்ஷி என்றால் சித்தி) என் அம்மா ஊசி கோத்துக் கொடுப்பாள், நானும் உட்கார்ந்து தைப்பேன். மாவ்ஷியின் ஒரே சட்டம், நான்கு மூலைகள் ஒரே இடத்தில் சேரக் கூடாது. கூடினால் அந்த இடம் தடிக்கும், ஊசி முறியும், கல்லில் அடித்துத் துவைக்கும்போது முதலில் கிழிவதும் அங்கேதான். மூலைகள் நெருங்குவதைப் பார்த்தால் என் புறங்கையில் ஒன்று போட்டு, "சர்கவ், சர்கவ்" என்பாள். தள்ளி வை என்று அர்த்தம். எவ்வளவு தள்ளி என்று கேட்டதில்லை. துண்டு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு.

ஆகவே பல்லடத்தில் முதலில் தடுமாறினேன். பக்கத்து மெஷினில் தைத்த பூங்கொடி, "ஏனுங்ணா, மூலையக் கண்டாலே உங்களுக்கு ஆவாதுங்களா? ஓடி ஓடிப் போறீங்க" என்று சிரிப்பாள். அவள் இந்த ஊர்க்காரி, ஷெட்டிலேயே வேகமான கை. அவளைப் பார்த்துப் பார்த்து மூலைகளைச் சேர்க்கக் கற்றுக்கொண்டேன். கோவிந்தராஜ் அண்ணனுக்கு என்மேல் நம்பிக்கை வந்தது. அவர் வீட்டில் தெலுங்கு, ஷெட்டில் தமிழ், போனில் ஆங்கிலம் பேசுகிறவர். ஒருமுறை, "நாங்களும் வந்தவங்கதானுங்க மாஸ்டர். வந்து ரொம்பத் தலைமொறை ஆயிப்போச்சு, அவ்வளவுதான்" என்றார். ஷெட்டுக்குப் பின்னால் ஒரு வீடு காலியாக இருந்தது. நான் நிலைத்து நின்றால் அது எனக்கு என்றார். என் மனைவி மல்லிகா இன்னும் தாராவியில்தான் இருக்கிறாள். கல்யாணமானதிலிருந்து என்னுடைய ஒவ்வொரு புது ஊருக்கும் மூட்டை கட்டுவதும், கிளம்புவதற்குள் நான் வேறு ஊருக்குப் போய்விடுவதுமாக அவள் காலம் கழிகிறது. இந்த முறை வீடு நிச்சயம் என்று சொன்னேன். டிக்கெட் எடுத்துவிட்டாள்.

அப்போதுதான் அந்தச் சாம்பிள் வந்தது. அவசரமாக ஒரு குவில்ட் தைத்துக் காட்ட வேண்டும். நான் தைத்தேன். முடித்து விரித்தபோதுதான் தெரிந்தது, நடுவில் ஒரு வரிசை முழுவதும் அரைத் துண்டு தள்ளி ஓடியிருந்தது. கை தூக்கத்தில் பழைய வழியில் நடந்துவிட்டது போல. பிரிக்க நேரமில்லை. வாங்கும் கம்பெனியின் வெளிநாட்டு அம்மாள் கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்து இறங்கிவிட்டார். நரைத்த குட்டை முடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. அந்த வரிசையில் விரலை ஓட்டிக்கொண்டே போனவர் நின்றார், சிரித்தார், ஏதோ கேட்டார். கூட வந்த ஆபீஸ் இளைஞர், "இது உங்க ஊர்ப் பழக்கமான்னு கேக்கறாங்க" என்றார். "பழக்கந்தாங்க. கை மறந்துருச்சு, மன்னிக்கணும்" என்றேன். என் நாலு வார்த்தையை அவர் நீளமாக மொழிபெயர்த்தார். அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலை குனிந்தார். நானும் குனிந்தேன். எதற்கு என்று தெரியாது.

பிறகு தெரிந்தது. பெரிய ஆர்டர் வந்தது, கூடவே புது விதித்தாள். எல்லாக் குவில்ட்டிலும் நடு வரிசை அரைத் துண்டு தள்ளியிருக்க வேண்டும். அதே வரிசை, அதே அளவு, மற்ற எல்லா மூலைகளும் சந்திக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் தொங்கவிட ஒரு அட்டையும் வந்தது. ஆபீஸ் இளைஞர் அதைத் தமிழில் படித்துக் காட்டினார்: கடவுள் மட்டுமே குறையில்லாதவர் என்பதால் இந்தப் பகுதி மக்கள் தங்கள் போர்வையில் வேண்டுமென்றே ஒரு வரிசையைத் தவறாகத் தைக்கிறார்கள். பூங்கொடிதான் கேட்டாள்: "நாம எப்பங்ணா சாமிகிட்ட அப்புடிச் சொன்னோம்?" மெஷின்களையெல்லாம் மீறி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

அந்த ஷெட்டில் அந்தத் தவறைச் சரியாகச் செய்ய முடியாதவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் கோடு போட்டு, அரைத் துண்டு தள்ளி, அச்சு போலத் தைத்துத் தள்ளினார்கள். எனக்கு ஒரு வரிசை தள்ளினால் அடுத்ததும் கொஞ்சம் தள்ளத் தோன்றும். தள்ளாமல் இழுத்துப் பிடித்தால் தள்ள வேண்டிய வரிசையும் நேராகிவிடும். நான் தைத்ததெல்லாம் திரும்பி வந்தது. கோவிந்தராஜ் அண்ணன் மனம் நோகாமல் ஒரு வழி சொன்னார். "நீங்க தைக்க வேண்டாமுங்க மாஸ்டர். செக்கிங்கப் பாத்துக்குங்க. எது செரியாத் தள்ளியிருக்குது, எது தப்பாத் தள்ளியிருக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?" தெரியும் என்றுதான் ஒப்புக்கொண்டேன். வீட்டுச் சாவி என் கைக்கு வந்தது. வீட்டைக் கூட்டிக் கழுவினேன்.

செக்கிங் மேசைக்குப் பூங்கொடி தைத்த குவில்ட் ஒன்று வந்தது. நடு வரிசை சரியாகத் தள்ளியிருந்தது. ஓரத்தில் இன்னொரு வரிசை தானாகச் சற்று விலகியிருந்தது. காய்ச்சலோடு தைத்திருக்கிறாள். பிரித்துத் தைக்கச் சொல்லும் சிவப்பு ஸ்டிக்கரை எடுத்தேன். ஒன்று சாமிக்கு, மற்றொன்று பிரிப்பதற்கு என்று எப்படிச் சொல்வது? ஒட்டாமல் அனுப்பிவிட்டேன். கம்பெனியின் கோயம்புத்தூர் ஆபீஸில் பிடித்துவிட்டார்கள். மூட்டை முழுவதும் திரும்பி வந்தது. எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையும் வந்து பிரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. பூங்கொடி நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவள் என் மேசைக்கு நேரே வந்து நின்று, "என்னையக் காப்பாத்தச் சொல்லி உங்ககிட்டக் கேட்டனுங்களாண்ணா? ஒட்டியிருந்தா நான் ஒருத்தி பிரிச்சிருப்பேன். இப்பப் பாருங்க, அத்தன பேரும் புள்ளைகள உட்டுப்போட்டு வந்து குந்தியிருக்கறோம்" என்றாள். அவள் சொன்னது சரி. கோவிந்தராஜ் அண்ணன் வந்து, "அடுத்த தடவ ஒட்டிருவீங்கல்லங்க மாஸ்டர்?" என்றார். ஒட்டுவேன் என்று சொல்ல எனக்கு வரவில்லை. அவருக்கும் புரிந்தது. "அப்ப எப்புடிங்க?" என்றார். சாவியை மேசைமேல் வைத்தேன். இதில் கொள்கை ஒன்றுமில்லை. உட்கார்ந்த இடத்தில் எனக்குக் கால் கடுக்க ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான். எல்லா ஊரிலும் ஏதாவது ஒன்று கடுக்கும்.

பஸ் ஸ்டாண்டில் கோயம்புத்தூர் வண்டி நின்றது. அங்கே மாறிக் காரமடைக்குப் போனால் மெத்தை தைக்கும் வேலை கிடைக்கும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். ஏறுவதற்கு முன் மல்லிகாவுக்குப் போன் செய்தேன்.

"வேலைய விட்டுட்டியளோ?" என்றாள், நான் வாய் திறப்பதற்கு முன்பே.

"எப்படித் தெரியும்?"

"இந்த நேரத்துல நீங்க கூப்பிட்டா வேற என்ன இருக்கும்? இப்ப எங்க நிக்கிய?"

"பஸ் ஸ்டாண்டுல."

"எந்த ஊரு பஸ் ஸ்டாண்டு? அதயும் சொல்லிருங்க."

"பல்லடந்தான். காரமடைன்னு ஒரு ஊர் இருக்கு, அங்க..."

"காரமடையும் வேண்டாம், ஒரு மடையும் வேண்டாம்" என்றாள். "நான் இங்க ரூமக் காலி பண்ணிக் குடுத்தாச்சு. பாத்திரத்தக்கூட மாவ்ஷி மகளுக்குக் குடுத்தாச்சு. டிக்கெட்ட மாத்த மாட்டேன். நான் பல்லடத்துக்குத்தான் வாரேன். நீங்க இருந்தா இருங்க, இல்லாட்டிப் போங்க. நான் வந்து இருந்துக்கிடுதேன்."

போனை வைத்துவிட்டாள். கோயம்புத்தூர் பஸ் கிளம்பியது. நடத்துநர் படியில் நின்று, "வர்றீங்களாங்க?" என்று கேட்டார். இல்லை என்று கையசைத்தேன். என் வாழ்க்கையில் கிளம்புகிற வண்டியில் ஏறாமல் விட்டது அதுதான் முதல் தடவை. காலுக்கு அது பிடிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

மறுநாள் காலை ஊருக்கு வெளியே ஒரு கோழித்தீவன மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன். குடும்பத்தோடு இருந்தால் லைன் வீடு தருவார்கள். "குடும்பம் இருக்குதுங்களா?" என்று மேஸ்திரி கேட்டார். "வந்துட்டிருக்குங்க" என்றேன். கயிற்றில் தொங்கும் கை மெஷினால் தீவனச் சாக்கின் வாயைத் தைக்க வேண்டும். எந்த விதி என்று கேட்டேன். "விதியா? வாய் மூடுனாச் செரிங்க. நூலோட ஒரு முனையப் புடிச்சு இழுத்தாப் பூராப் பிரியோணும், அது மட்டும் பாத்துக்குங்க" என்றார்.

சாக்குகள் புதியவை அல்ல. மக்காச்சோளம் வந்து இறங்கியவை. முதல் சாக்கை உதறியபோது மேலே மராத்தி எழுத்து இருந்தது. பக்கத்தில் நின்றவர், "இது என்னமோ இந்தி எழுத்து, ஒண்ணும் புரியறதில்லீங்க" என்றார். நான் படித்துவிட்டேன். ஒரு ஊர்ப் பெயர். கீழே, ஈரத்தில் வைக்காதே. சாக்கை உள்வெளியாகத் திருப்பித்தான் தீவனம் கொட்ட வேண்டும். திருப்பினேன். எழுத்துகள் உள்ளே போயின, ஆனாலும் இழை வழியாக மங்கலாக, இடவலம் மாறித் தெரிந்தன. தீவனம் நிரம்பியதும் வாயை மடித்து, தமிழில் அச்சடித்த சீட்டை வைத்துத் தைத்து, சுவரோரம் வரிசையில் நிறுத்தினேன். இந்தப் பக்கம் புது ஊர்ச் சீட்டு. உள்ளே, தீவனத்தை ஒட்டி, அந்த மராத்தி ஊர். பிறகு அடுத்த சாக்கை எடுத்து உதறினேன்.